அக்கா வீட்டைத் தாண்டிப் போன கார்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று இருபதுக்கு, நாங்கள் காரில் போய்க்கொண்டிருக்கும்போது, மகளின் போன் அணைந்துபோனது. "பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்ப்பா, இனி சேத்துமடை பஸ்..." என்றதோடு சரி. முந்தின நாள் பொன்னானிக் கடலில் அவளோடு சேர்ந்து நனைந்த போன்.

திட்டம் நான் போட்டதுதான். சனிக்கிழமை கடல், ஞாயிறு மாலையில் பரம்பிக்குளம் காடு, மறுநாள் துடியலூர் வீடு. திரும்பும் வழியில் பாலக்காட்டில் தோழி வீட்டில் இறங்கிக்கொண்ட மகள், சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்றாள். நானும் மனைவியும் காரில் முன்னால் போய், சேத்துமடை வனச் சோதனைச்சாவடியில் காத்திருப்பதாக ஏற்பாடு. ஐந்து மணிக்கு மேல் வண்டியை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள்.

வழியில் ஆனைமலை. அங்கே ரோட்டு மேலேயே என் அக்கா வீடு. எங்கள் பக்கம் சொந்தக்காரர் வாசலில் இறங்காமல் போனால், அடுத்த காதுகுத்து வரை அந்தப் பேச்சு ஓயாது. இறங்கினாலோ கோழிக்குழம்பு கொதித்து முடிய அரைநாள் போய்விடும். அதனால் இந்தப் பயணத்தை அக்காவிடம் மூச்சுவிடவில்லை. ஆனைமலை வந்ததும் மனைவியைத் தலை குனியச் சொல்லிவிட்டு வேகமாகத் தாண்டி வந்தேன். மகளிடமும், "அத்தை கண்ணுல பட்றாதே" என்று சொல்லி வைத்திருந்தேன்.

நாலரைக்கு ஒரு பஸ் வந்தது. இரண்டு பெண்களும் ஒரு பெரியவரும் இறங்கினார்கள். மகள் இல்லை.

"ஏனுங்க, அக்காளுக்கு ஒரு போன் போடுங்க. பஸ் ஸ்டாண்டுல போயிப் பாப்பாங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு சொல்றது? உன்ற ஊட்டைத் தாண்டி வந்து ஒளிஞ்சு நிக்கறோம்னா?"

"புள்ளையவிட அது பெருசுங்களா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. சாவடியில் சிக்னல் இல்லை. தென்னந்தோப்பு ஓரமாக வந்த வழியே நடந்து, ஒற்றைக் கோடு தெரிந்த இடத்தில் நின்று கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்கினாளோ, எந்த வண்டியில் ஏறினாளோ என்று மனம் ஓடிய ஓட்டத்தை எழுத இப்போதும் கை வரவில்லை.

சாவடிக்குத் திரும்பினேன். காவலர் கேட்டை இழுக்கத் தொடங்கியபோது, பழைய வெள்ளை ஆம்னி வேன் ஒன்று புழுதியோடு வந்து நின்றது. முதலில் இறங்கியவள் மகள். மனைவி ஓடிப்போய் அவள் தோளையும் கன்னத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் கார் மேலேயே சாய்ந்துகொண்டேன்.

"பஸ்ஸு ஆனைமலையோட நின்னுபோச்சுப்பா. அங்க வேற யாரு ஊடு எனக்குத் தெரியும்?" என்றாள். அவள் வாயில் கோழிக்குழம்பு வாசம்.

ஓட்டி வந்தது அக்காதான். அதனால்தான் போனை எடுக்கவில்லை. ஒரு கையில் குழம்புத் தூக்குப்போசியோடு இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, கடலைப் பாக்கறக்கு நேரமிருக்குது, காட்டைப் பாக்கறக்கு நேரமிருக்குது, எங்கூட்டுல ஒரு வாய் சோறு திங்கறக்கு மட்டும் நேரமில்லையாக்கும்? கேட்டைச் சாத்துனாச் சாத்தட்டும். ரெண்டு பேரும் மொதல்ல உக்காந்து சாப்புடுங்க."