எழுதாமல் விட்ட இரண்டடி

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வராது. காலமெல்லாம் ஏரியை அளந்து சம்பளம் வாங்கிய மனிதர் தூறலுக்குப் பயப்படுகிறாரே என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். அளந்தவனுக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் சித்தூரில் ஒரு பாசன அலுவலகத்தில் எனக்கு வேலை. திருப்பதி நாலா பக்கமும் பெருத்துக்கொண்டிருந்தது. ஊருக்குத் தெற்கே ஓர் ஏரியின் மேல்புறத்தில், தண்ணீர் வந்து சேரும் பக்கமாக, வீட்டுமனை போட அனுமதி கேட்டார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அளந்து, அதற்கு மேலே இருக்கும் நிலத்துக்கு மட்டும் சான்று கொடுக்க வேண்டும் என்பது விதி. அளக்க என்னை அனுப்பினார்கள்.

சித்திரை மாதம் போனேன். மழை பொய்த்து மூன்றாவது வருடம். ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, நடுவில் ஆடு மேய்ந்தது. நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை எங்கள் பக்கம் கோடி என்போம். அந்த ஏரியின் கோடி கருங்கல் கட்டடம். அதன் தலையில் இரண்டடி உயரக் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள், கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு. அந்தக் கற்களின் அடிதான் ஏரியின் முழு மட்டம் என்று ஆபீஸ் புத்தகம் சொன்னது. அந்த மட்டத்தைப் பிடித்து மேல்புறம் முளை அடித்துக்கொண்டு போனேன்.

மடை திறந்து மூடும் நீர்கண்டி என்னோடு வந்தார். அறுபது வயது இருக்கும். லெவல் கருவிக்கு வெயில் படாமல் குடை பிடித்தபடி பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். கார்த்திகை தாண்டி பெருமழை ஓய்ந்ததும் அந்தக் கற்களின் இடைவெளியில் களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்துவிடுவார்களாம். தண்ணீர் கல்லின் தலை வரை ஏறி நிற்கும், இரண்டாம் போகத்துக்கு அதுதான் ஆதாரம் என்றார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. என் நைனாவின் ஊரிலும் அதே வழக்கம்தான். அந்த இரண்டடியைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை.

மேல்புறம் கிட்டத்தட்ட மட்டமான தரை. இரண்டடி ஏறினால் தண்ணீர் வெகுதூரம் பரவும், மனைகளில் கீழ் மூன்று வரிசை அடிபட்டுப் போகும். மூன்றாவது வரிசையில் ஒரு மனைக்கு என் அக்கா பெயர் கொடுத்திருந்தாள். மாமாவுக்குத் திருப்பதியில் ஆஸ்பத்திரி வேலை. இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், எல்லோரும் ஒற்றை அறையில். நான் அளக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்ட அன்றே அவள் மூன்றாம் வரிசை என்று முடிவு செய்துவிட்டாள். புத்தகத்தில் இருப்பதைத்தானே எழுதுகிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோழைக்குப் புத்தகம் நல்ல துணை.

இரண்டு வருடத்தில் வீடுகள் எழும்பின. அக்கா வீட்டுக் கிரகப்பிரவேச ஜெபத்தில் பாஸ்டர், பாறையின்மேல் கட்டிய வீடு என்று வசனம் வாசித்தார். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலையில் சித்தூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். திருப்பதிக்கு வந்து இறங்கியதும் அக்கா வீட்டுக்குப் போகத் துணிவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போனேன்.

கோடியில் பத்துப் பதினைந்து பேர் கோணிப்பையை மடித்துத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். பெருமழை ஓய்ந்தபின் வைக்க வேண்டிய மண்ணை முதல் மழைக்கே வைத்துவிட்டார்கள். வருடக்கணக்காகக் காய்ந்த வயிறு, காத்திருக்குமா? தண்ணீர் கற்களின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது, மழையும் விட்டபாடில்லை. எதிரே, நான் முளை அடித்த இடத்தையெல்லாம் தாண்டி, முதல் வரிசை வீடுகள் தொடையளவுத் தண்ணீரில் நின்றன. மூன்றாவது வரிசை மழையில் சரியாகத் தெரியவில்லை.

அடைப்பைப் பிடுங்கச் சொன்னேன். யாரும் அசையவில்லை. என் அக்கா அங்கே இருக்கிறாள், படுக்கையில் ஒரு கிழவி இருக்கிறாள், தூக்கிக்கொண்டு ஓடக்கூட முடியாது என்று கெஞ்சினேன். ஒருவர் தெலுங்கில், ஏரிக்குள்ளே வீடு கட்டச் சொன்னது நாங்களா என்று கேட்டார். நீர்கண்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்கு நான் சொன்னேனே சார். நீ கேட்டுக்கினுதானே இருந்த?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்போ அதை இப்போ எழுதிக் குடு. தண்ணி கல்லு தலை வரைக்கும் நிக்கும், அந்த வீடுங்க எல்லாம் ஏரிக்குள்ள இருக்குதுன்னு எழுது. எழுதினா புடுங்கறோம். எங்க போகம் போனா போவட்டும், அந்தத் தாளை வெச்சி ஏரியாவது மிஞ்சட்டும்."

அப்படி ஒரு தாள் இருந்தால் என் வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. அக்காவின் வீட்டை என்றைக்கு வேண்டுமானாலும் வந்து இடிக்கலாம் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். எழுதாவிட்டால் இன்று சாயங்காலத்துக்குள் அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பாள். லெவல் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். நீர்கண்டி அன்று போலவே குடை பிடித்தார். என் முந்தைய அறிக்கை தவறு என்றும் சேர்த்து எழுதி, பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவர் அதை பிளாஸ்டிக் உறையில் சுற்றித் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டார்.

கடப்பாரை போட்டு அடைப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஆறு மாதச் சோறு அவர்கள் கண்முன்னே காவியாக ஓடியது. தண்ணீர் ஒரு சாண் இறங்கும் வரை பார்த்துவிட்டு நான் ஓடினேன்.

அக்கா வாசலில் நின்று படியிலிருந்த சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். மேல்படி வரை ஏறிய தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மாமியார் கட்டிலில் காபி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"முன்னால இருக்கறவங்க எல்லாம் சாமானைத் தூக்கிக்கினு ஓடிட்டாங்கடா. மாமாகூட போலாம்னாரு. என் தம்பி அளந்த எடம், தண்ணி உள்ள வராதுன்னு நான்தான் போகவிடல. பாரு, படியோட நின்னுபோச்சி."

கிளம்பு அக்கா, எல்லோரும் சித்தூருக்குப் போய்விடலாம், இந்த வீடு வேண்டாம் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

"தண்ணிதான் எறங்கிடுச்சே. இனிமே என்னடா பயம்?"