மாம்பழப் பெட்டியில் எழுதிய பதாகை

இன்று மிட்சம் என்ற ஊரிலிருந்து மோர்டனுக்கு வந்த பஸ்ஸில், மகளின் தள்ளுவண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு மாணவி பெரிய பதாகையோடு நின்றாள்.

பல்கலைக்கழகத்தில் நிறவெறிக்கு எதிரான போராட்டத்துக்குப் போய் வருகிறாளாம். ‘என்னிடம் மட்டும் ஏன் அடையாள அட்டை கேட்கிறீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

பின்பக்கம் பார்த்தால் மாம்பழப் பெட்டி, தமிழில் கடைப் பெயரோடு.

“தமிழோ தங்கச்சி?”

“ஓம் அக்கா. வெள்ளைப் பிள்ளையள் சும்மா உள்ளுக்குப் போவினம். என்னையும் என்ர கறுப்புச் சிநேகிதியையும்தான் செக்கியூரிட்டி மறிக்கிறது. ஒவ்வொரு நாளும் எண்டால் களைச்சுப் போகும்தானே.”

எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. யாராவது படம் எடுத்துப் போட்டால்? நாளைக்கு வேலை கிடைக்காமல் போனால்? என் மகள் வளர்ந்து இப்படிக் கிளம்பினால் விடுவேனா?

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“பெட்டியை வெட்டித் தந்ததே அவதான். ‘எனக்குப் பயமாத்தான் கிடக்கு, ஆனா போ. எழுத்தை மட்டும் நேரா எழுது, கோணலா எழுதி மானத்தை வாங்காதை’ எண்டு சொல்லித்தான் விட்டவ.”

சிரித்துவிட்டேன். அதற்குள் மகள் பதாகையின் மூலையைப் பிடித்துச் சப்பத் தொடங்கியிருந்தாள். நான் இழுக்கப் போக, “விடுங்கோ அக்கா, அவவும் எங்கட பக்கம்தான்” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், இருக்கிற மாம்பழப் பெட்டியை எறிய வேண்டாம் என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

பயம் போகவில்லை. ஆனால் இன்றைக்கு அதைவிடப் பெரிய கவலை, மகளுக்கு என் கோணல் கையெழுத்து வந்துவிட்டால் என்ன செய்வது? நேராக எழுதப் பழக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு இரண்டு வயதுதான், நேரம் இருக்கிறது.