பெயர் எழுதாத வீடியோ கசெட்

தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் எனக்கும் என் தம்பிக்கும் வெளிநாட்டு ராக் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகள் என்றால் உயிர். கடைகளில் கிடைக்காத வீடியோக்களை ஹட்டனில் ஒரு நண்பர் வீட்டில் பிரதி எடுத்து, மற்ற ரசிகர்களோடு மாற்றிக்கொள்வோம். கசெட்டின் மேல் பெயர் எழுத மாட்டோம். எழுதினால் பாட்டுக் கசெட் என்று தெரிந்து, லயத்து வரிசை வீடுகளில் யாராவது இரவல் வாங்கிப்போய், அதன்மேல் சினிமாப் படத்தைப் பதிந்துவிடுவார்கள்.

போன வருடம் அப்படியொரு கசெட்டுடன் அக்கரப்பத்தனைக்குத் திரும்பும்போது, தலவாக்கலைக்கு அருகே பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். வடக்கில் யுத்தம் நடந்த காலம். கசெட் தம்பியின் பையில் இருந்தது.

"பேர் இல்ல. இதுல என்ன?" என்று பொலிஸ்காரர் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"பாட்டுங்க சேர், வெறும் பாட்டு" என்றான் தம்பி.

அவர் நம்பவில்லை; போராளிகளின் வீடியோவோ என்று சந்தேகம். தம்பியை நிலையத்துக்குக் கூட்டிப்போய் கசெட்டை வீடியோ டெக்கில் போட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

பிரதிக்குப் பிரதி எடுத்துத் தேய்ந்த படம். மேடையே தெரியவில்லை. புகை, நெருப்பு, ஒரு பெருங்கூட்டத்தின் கூச்சல்.

"இது எந்த ஊர்?" என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க சேர், இப்ப கிட்டார் வரும்" என்று நான்தான் கெஞ்சினேன்.

வந்தது. தம்பியை விட்டார்கள், கசெட்டைத் தரவில்லை.

இப்போது ஒவ்வொரு கசெட்டிலும் என்ன இருக்கிறதென்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டுகிறேன். என் கைப்பையில் நானே கொண்டுவருகிறேன். தம்பி கூட வருவதில்லை. வீட்டில் போட்டாலும், மேடையில் புகை கிளம்பியதும் எழுந்து வெளியே போய்விடுகிறான்.