பெட்டி இல்லாமல் வந்தவர்

கனவு காணும்போதே இது கனவுதான் என்று தெரிந்துகொள்ள முடியும். முடியாது என்பவர்கள் முயன்று பார்க்காதவர்கள். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லப்பைக்குடிக்காட்டில், மாமியார் வீட்டில், நானே பழகிக்கொண்டேன்.

எனக்கு அது தேவையாக இருந்தது. கல்யாணமான கையோடு கணவர் சவுதிக்குப் போய்விட்டார். ஊரில் செல்போன் வராத காலம். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். ரிசீவர் என் கையில் இருக்க, மாமியாரும் அந்த வீட்டுக்காரர்களும் சுற்றி நிற்பார்கள். "நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்பதைத் தாண்டி என்ன பேசுவது? "போதும், வந்துடுங்க" என்ற ஒரே வார்த்தை தொண்டையிலேயே கிடந்தது. அவர் சம்பாத்தியத்தில் மாடி எழும்பிக்கொண்டிருந்த வீட்டில் மருமகள் அதைச் சொன்னால் ஊரே சிரிக்கும். சரி, கனவிலாவது சொல்லலாம் என்றால், அவர் வந்ததும் நிஜமென்று நம்பிச் சோறு வைக்க ஓடிவிடுவேன். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

ஒருநாள் பிடிபட்டது. கனவில் வருகிறவர் எப்போதும் வெறுங்கையோடு வருகிறார். சவுதியிலிருந்து யாராவது அப்படி வருவார்களா? கயிறு வரிந்து, பெயரும் ஊரும் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டைப்பெட்டி முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். ஆகவே, பெட்டி இல்லையென்றால் கனவு. படுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றினேன்.

விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டு மறுபடி படுப்பதுதான் சரியான நேரம். அந்தத் தூக்கத்தில் கனவு பளிச்சென்று வரும். "தொழுதுட்டு தூங்குனா வூட்டுல பரக்கத் தங்குமா?" என்று, வீட்டின் செழிப்பே ஓடிவிடும் என்பதுபோல் மாமியார் திட்டுவார். திட்டட்டும். சந்தேகம் வந்தால் மூக்கைப் பொத்திப் பார்க்க வேண்டும். கனவென்றால் பொத்திய மூக்கிலும் மூச்சு போகும். பழக்கத்துக்காகப் பகலிலும் பொத்திப் பொத்திப் பார்த்ததில், எனக்குத் தீராத சளி என்று தெருவே முடிவு கட்டியது. கனவு என்று தெரிந்த சந்தோஷத்தில் விழிப்பு வந்துவிடும். அப்படி வராமலிருக்க உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றால் போதும், கனவு கலையாது. இப்படிக் கனவில் அவரிடம் "வந்துடுங்க" என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர்தான் ஒவ்வொருமுறையும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றும் தொழுதுவிட்டுப் படுத்திருந்தேன். மாமியார் அடுத்த தெருவில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். கதவு தட்டும் சத்தம். எழுந்து திறந்தால் அவர். தோளில் சின்னப் பை. பெட்டி இல்லை. மூக்கைப் பொத்தக்கூட இல்லை நான். பெட்டியே இல்லாதபோது மூக்கு எதற்கு? உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன்.

"போதும் மச்சான். இனிமே போவாதீங்க. மாடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். கஞ்சி குடிச்சாலும் ஒண்ணா குடிப்போம்."

அவர் சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

"வேலைய வுட்டு அனுப்பிட்டாங்க புள்ள. பெரம்பலூர்ல பஸ் ஏறுனதுலேர்ந்து ஒங்கிட்ட எப்புடி சொல்றதுன்னுதான் நெனச்சுகிட்டு வந்தேன். ஒனக்கு யாரு சொன்னா?"

கனவில் அவர் அழுததே இல்லை. மூக்கைப் பொத்தினேன். மூச்சு முட்டியது. இது கனவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் மாமியார் வந்தார், பின்னாலேயே நாத்தனாரும். மகனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மாமியார் வாசலை எட்டிப் பார்த்தார்.

"பெட்டி எங்கப்பா?"

நான் இன்னொரு தடவை மூக்கைப் பொத்திப் பார்த்தேன். விழித்துத்தான் இருந்தேன்.

"பெட்டி வராது மாமி," என்றேன். "இவங்க வந்துட்டாங்க. இனிமே போவ மாட்டாங்க."