உள்பக்கம் இல்லாத சட்டை

எழுபதுகளின் கடைசியில் என் கணவருக்கு ஐம்பத்திரண்டு வயது. உத்திரமேரூருக்கு வெளியே இருந்த டெண்ட் கொட்டாயில் படம் ஓட்டும் ஆபரேட்டர் வேலை. இருபது வருடம் ஓட்டியவர், ஒரே மாதத்தில் மூன்று முறை ரீலை முன்பின்னாக மாற்றிப் போட்டுவிட்டார். செத்துப்போன வில்லன் அடுத்த ரீலில் குதிரையேறி வந்தான். முதல் தடவை ஜனங்கள் சிரித்தார்கள். மூன்றாம் தடவை திரை மேல் மணலை வாரி இறைத்தார்கள். முதலாளி வீட்டுக்கே வந்து, இனி வர வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உறவுக்காரர்கள் அந்தப் பத்திரத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். வெளியே விடாதே என்றார்கள்.

நான் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் எங்களுக்குள் சண்டை, சட்டையால்தான். தையல் வெளியே தெரிய மாட்டிக்கொள்வார். பட்டன் ஒன்று தள்ளிப் போடுவார். நான் கழற்றி மாட்டிவிடுவேன், கத்தவும் செய்வேன். ஒருநாள் தலையைச் சட்டைக்குள் விட்டவர் வெளியே வர வழி தெரியாமல் அப்படியே நின்றார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இதுக்குள்ள நான் எங்க கீறேன்?"

சிரித்துவிட்டேன். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சட்டை மனிதனை எத்தனை கேள்வி கேட்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்பக்கம் எது, உள்பக்கம் எது, எந்தப் பட்டனுக்கு எந்தத் துளை? இதையெல்லாம் வைத்தது யார்? என்னைப் போல் ஒரு தையல்காரர்தானே. வைத்தவர்களே எடுத்துவிடலாம்.

மூன்று துணியைப் பாழாக்கிய பிறகு நாலாவது சரியாக வந்தது. முன்னும் பின்னும் ஒன்றே. பட்டன் இல்லை, காலர் இல்லை, தலை தாராளமாக நுழையும். இரண்டு துணியைச் சேர்த்து, பிசிறு தெரியாமல் எல்லா விளிம்பையும் மடித்துத் தைத்ததால் உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. ஒருபுறம் கட்டம், மறுபுறம் வெறும் நீலம். எப்படிப் போட்டாலும் கை தேடும் இடத்தில் பை இருக்க வேண்டுமென்று நாலு பை வைத்தேன். அவரே எடுத்தார், அவரே மாட்டினார், கடைத்தெருவுக்கு நடந்தார். டீக்கடையில் அதைப் பைத்தியக்காரச் சட்டை என்றார்களாம். மறுநாள் அதே துணியில் எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டு, அதே டீக்கடை வழியாக அவரோடு நடந்தேன்.

அந்த வருடம் திருப்புலிவனத்தில் இருந்த என் கொழுந்தன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். பத்திரிகை கொடுத்துவிட்டு, "அண்ணி, அன்னிக்கு ஒருநாள் மட்டும் அண்ணன வூட்லயே வச்சிக்கினு இருங்க" என்றார்.

"நான் வந்தா அவுரோடதான் வருவேன். யாராவது எதுனா கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து கல்யாணப் பெண்ணே துணியோடு வந்தாள். முகூர்த்த ஜாக்கெட் அப்பா சொன்னபடி இருக்கட்டும், ரிசப்ஷனுக்குப் பெரியப்பா சட்டை மாதிரி ஒன்று வேண்டும் என்றாள்.

"அது அழகுக்குத் தச்சது இல்லடி. அவுரு படற பாடு அது."

"தெரியும் பெரியம்மா. அதுக்குத்தான் கேக்குறேன்."

அப்படியென்றால் அவர் கையும் அதில் இருக்கட்டும் என்று, அவள் கொண்டுவந்த துணியையும் வெட்டுத் துண்டுக் கூடையையும் என் கணவர் முன்னால் வைத்தேன். அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அந்த வரிசையிலேயே ஒட்டுப்போட்டுத் தைத்தேன். நடுவில் எனக்கு ஆசை தாங்காமல் நிறம் பொருத்தமாக இரண்டு துண்டை மாற்றிப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் போடும் ஜாக்கெட் மாதிரி ஆகிவிட்டது. பிரித்து அவர் வரிசைக்கே திரும்பினேன். இடது கையில் பச்சைப் பூ பாதியில் நின்று கருநீலம் தொடங்கியது. முதுகில் நூலால் ஒரு பூக்கொடி போட்டேன். அவர் பேச்சு எப்படிப் பாதியில் அறுந்து வேறெங்கோ தொடங்குமோ, அப்படியே அதையும் அறுத்து, தோள்பட்டையில் மறுபடி தொடங்கினேன். எல்லாம் முடிந்ததும் விரித்துப் பார்த்தேன். அதுவரை அப்படி ஒன்றை நான் தைத்ததில்லை. எனக்குக் கர்வமாக இருந்தது.

ரிசப்ஷனில் கொழுந்தனுக்கு முகம் கறுத்தது. பெண்கள் மேடையைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார்கள். யார் தைத்தது என்று கேட்டவர்களிடம், நான் தைத்தது, துணி எடுத்துக் கொடுத்தது இவர் என்று கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் யாருக்குக் கல்யாணம் என்று எட்டு முறையாவது கேட்டிருப்பார். ஒவ்வொரு முறையும் சொன்னேன். மேடையில் கேட்டபோது மணப்பெண்ணே சொன்னாள்: "எனக்குத்தான் பெரியப்பா." மாப்பிள்ளை எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார்.

அதற்குப் பிறகு அதே மாதிரி ஜாக்கெட் கேட்டு மானாம்பதியிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். எல்லோரிடமும் அது எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். நோய் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும். மெட்ராஸிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்து, மாதா மாதம் வாங்கிக்கொள்கிறேன், நோயாளி கதை மட்டும் வேண்டாம், வேறு ஏதாவது பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கதை இல்லாமல் ஒரு ஜாக்கெட் கை கூட என்னிடம் கிடைக்காது என்று அனுப்பிவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

அவர் இன்னும் ஐந்து வருடம் இருந்தார். கடைசி வருடம் நான் யாரென்றே தெரியவில்லை. டெய்லரம்மா என்று கூப்பிட்டார். இன்னா வேணும் என்று கேட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவேன்.