அப்பா ஏறி நின்ற தராசு

மெல்பர்னில் நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம்தான் சென்னையில் அப்பா எழுந்து பல் தேய்த்துவிட்டு எடை பார்க்கிற நேரம். மேசையில் கிடக்கும் என் போன் ஒருமுறை அதிரும். அறுபத்தொன்று புள்ளி என்னவோ என்று ஓர் எண் வந்து நிற்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு முதல் வாய் இறங்கும். பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அப்பாவின் எடையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடும் மகள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் ஜில் என்று ஒரு தோழி. ஒரு நாள் என் போனில் கிலோ கணக்கு வருவதைப் பார்த்துவிட்டாள். அன்று முதல் சாப்பாட்டு அறையில் என் பக்கம் இருந்த பிஸ்கட் டப்பா காணாமல் போய், காரட் துண்டுகள் வந்து உட்கார்ந்தன. நான் இளைக்கப் பாடுபடுகிறேன் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். அது என் அப்பாவின் எடை என்று விளக்கினேன். அவள் முகம் இன்னும் கவலையானது. "நீ பார்ப்பது அவருக்குத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். இந்த ஊரில் எடை என்பது பூட்டி வைக்கிற விஷயம். எங்கள் தியாகராய நகரிலோ, மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் நான்கு பேர் நிறுத்தி, "என்ன இப்படி இளைச்சுட்ட?" என்றோ "நல்லா பூசினாப்ல இருக்கியே" என்றோ சொல்லாமல் விடமாட்டார்கள். ஜில்லுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை. காரட்டைத் தின்றேன்.

அப்பாவுக்குப் போன வருடம் மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார். இதயம் சரியாக அடித்துத் தள்ளவில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரை உண்டு, உப்பைக் குறைக்க வேண்டும், எல்லாவற்றையும்விடத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே வந்துவிடுங்கள் என்றார். அம்மா இல்லாத வீடு. நானோ ஒரே பெண், லீவு முடிந்து விமானம் ஏற வேண்டியவள். அதனால் ஆன்லைனில் ஒரு ஸ்மார்ட் தராசு வாங்கினேன். பாண்டி பஜாரில் ஒரு சுமாரான புடவைக்கு ஆகிற விலைதான். ஏறி நின்றால் அப்பாவின் போனுக்குச் சொல்லும், அங்கிருந்து எனக்கும் வந்துவிடும்.

பெட்டியைப் பிரித்துத் தரையில் வைத்தேன். அப்பா இரண்டடி தள்ளி நின்றார்.

"தராசு மேல காலை வைக்கச் சொல்லுதியே, நல்லாவா இருக்கு?"

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, உஸ்மான் ரோட்டில் ஒரு வெள்ளிப் பாத்திரக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தே முடி நரைத்தவர். காலையில் கடை திறந்ததும் தராசைத் துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் முதல் கொலுசு அதில் ஏறும். அது லட்சுமி. என் சின்ன வயதில் ஸ்டேஷனில் எடை மெஷின் ஒன்று இருந்தது. சின்னச் சின்ன பல்புகள் சுற்றிச் சுற்றி எரியும், காசு போட்டால் அட்டையில் எடையும் ஜோசியமும் வரும். கேட்டபோதெல்லாம் என்னை ஏற்றிவிடுவார். தான் ஏறமாட்டார். செலவுக்கு யோசிக்கிறார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

எப்படியோ சம்மதிக்க வைத்தேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு ஏறி நின்றார். வீட்டு வேலைக்கு வரும் மல்லிகா அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா சார், மாமியார் வூட்டுக்குப் போறாப்ல கூச்சப்படற?" என்றாள்.

நான் மெல்பர்ன் திரும்பினேன். எண்கள் தவறாமல் வந்தன. புரட்டாசியில் ஒரு காலை எடை சட்டென்று குறைந்தது. அடுத்தடுத்த நாட்களிலும் ஏறவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று எனக்குப் பெரிய நிம்மதி. ஜில்லுக்குக்கூட ஒரு துண்டு கேக் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தின்னலாமா என்று என் முகத்தையே பார்த்தாள்.

பிறகு ஒரு நாள் எண் வரவில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாம்பார் சாதம் ஆறிப்போனது. வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா உடனே எடுத்தார், நெற்றி நிறைய விபூதியோடு.

"எடை பாக்கலியாப்பா?"

"இன்னைக்கு ஆயுத பூசைல்லா? அதுக்கு லீவு."

எனக்கு மறந்தே போயிருந்தது. நான் இருக்கும் தெருவில் ஆயுத பூஜையை நினைவுபடுத்த ஒரு பூசணிக்காய்கூட உடையாது. அப்பா பெருமையாகப் போனைத் திருப்பிக் காட்டினார். அரிவாள்மனை, ஸ்குரூ டிரைவர், அம்மாவின் தையல் மெஷின், நடுவில் நம்முடைய தராசு. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. அடியில் கெட்டியாக மடித்த சிவப்பு வெல்வெட் துணி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே சிரிப்பு நின்றது.

"அந்தத் துணி இன்னைக்கு வச்சதாப்பா?"

"இல்லம்மா, நவராத்திரி ஆரம்பிச்ச அன்னைக்கே வச்சாச்சு. கடையிலயும் அப்படித்தானே, நவராத்திரிக்குப் புதுத்துணி விரிச்சுத்தான் தராசு வைப்போம்."

இந்தத் தராசைக் கெட்டியான வெறுந்தரையில்தான் வைக்க வேண்டும். மெத்தென்ற துணிமேல் வைத்தால் குறைத்துக் காட்டும். எடை குறைந்த நாள் எது என்று இப்போது புரிந்துவிட்டது. கொலுசு நிறுக்கிற தராசுக்குத் துணி ஒன்றும் செய்திருக்காது. இது அடியில் இருக்கும் நான்கு கால்களால் எடையை உணர்கிற தராசு, அந்தக் கால்கள் துணியில் புதைந்துவிட்டன. இத்தனை நாளும் நான் பார்த்து நிம்மதிப்பட்டது வெல்வெட்டின் எடையைத்தான்.

துணியை எடுத்துவிட்டு இப்போதே ஏறுங்கள் என்றேன். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது, நாளைக்குத்தான் என்றார். எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாவற்றிலும் கத்தினேன். சாப்பாட்டு அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அசையவில்லை. அப்போது மல்லிகா அக்கா போனைப் பிடுங்கினாள்.

"யம்மா, சார் காலு வீங்கிக்கினு கீது. நேத்து ராத்திரி உக்காந்துக்கினேதான் தூங்கிக்கீறாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்ட்டாரு." அப்படியே அவர் பக்கம் திரும்பினாள். "இன்னா சார் நீ? ஆஸ்பத்திரில டாக்டருங்க எல்லாம் இன்னிக்குக் கத்தியத் தொடாம குந்திக்கினா கீறாங்க? கற்பூரத்தக் காட்டி முடிச்சு வுடு, அது வேலைய அது பாக்கட்டும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன் என்பது அவருக்கும் தெரிந்தது. "சரி, கற்பூரத்தக் கொண்டா" என்றார். ஆரத்தி காட்டி, தராசை ஒரு விரல்கடை வடக்கே நகர்த்தினார். எங்கள் பக்கம் பூஜை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். மல்லிகா அக்கா துணியை உருவி, தராசைத் தரையில் வைத்தாள். அப்பா குங்குமத்தை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து ஏறினார். என் கையில் போன் அதிர்ந்தது. துணி விரிப்பதற்கு முந்தின எடையைவிட நான்கு கிலோ கூடுதல். அத்தனையும் தண்ணீர்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். தெருமுனையிலிருந்த ஆட்டோ வாழைக்கன்று கட்டி, மாலை போட்டுத் தயாராக நின்றது. மல்லிகா அக்கா போனை அணைக்க மறந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. "பூஜ போட்ட வண்டிக்கு மொத சவாரி நீதான் நைனா, கெட்டியா புச்சிக்க" என்றார் டிரைவர். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி கிளம்பியது. நான் நூலகத்தின் பின்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். ஜில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறிப்போன சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணிக் கையில் கொண்டுவந்திருந்தாள்.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நுரையீரல் நிறைந்திருக்கும் என்றார் டாக்டர். இதைப் படிக்கிற ஊர்க்காரர்களே, என்னைப் போல வெளியூரில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களே, நான் யாருக்கு நன்றி சொல்ல? பேர் தெரியாத அந்த ஆட்டோக்காரருக்கும், அப்பாவை அதட்டத் துணிந்த மல்லிகா அக்காவுக்கும், சோற்றைச் சூடு பண்ணிய ஜில்லுக்கும் சொல்கிறேன். அப்பா படுத்துத் தூங்குகிறார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். முதல் காலை, விளையாட்டாக நானும் அந்தத் தராசில் ஏறினேன். அது கொஞ்சம் யோசித்தது. இந்த எடையில் இந்த வீட்டில் யாரும் இல்லையாம். அப்பாவின் போனில், என் எடைக்கு மேலே 'விருந்தாளி' என்று ஆங்கிலத்தில் போட்டது.

அப்பா கண்ணாடியை ஏற்றி அதைப் படித்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்து வெகு நாளாயிற்று.

"யாரு விருந்தாளி? இந்த வீட்டுப் பொண்ணு. முதல்ல பேரைப் போடு."

அங்கேயே நின்று என் பேரையும் என் போனையும் அதில் சேர்த்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி ஏறச் சொன்னார். ஏறினேன். இந்த முறை என் பேர் வந்தது. அப்பாவுக்குத் திருப்தி.

மெல்பர்ன் திரும்பி இப்போது சில மாதங்கள். தினமும் அப்பாவின் எண்ணுக்குக் கீழே எனக்கென்று இன்னொரு வரி வருகிறது: இன்று நீங்கள் இன்னும் எடை பார்க்கவில்லை. அந்த நினைவூட்டலை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, ஜில் காட்டிக் கொடுத்தாள். தியாகராய நகரில் ஒரு வீட்டில் ஒவ்வொரு காலையும் என்னைத் தேடுகிறார்கள், நான் எப்படி அதை நிறுத்துவேன் என்றேன்.