எலி இல்லாத திட்டு

திருப்பனந்தாளுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் நடுவில் உள்ள ஒரு மணல் திட்டில் நான் பல வருஷம் வேலை பார்த்தேன். எலி பிடிப்பதுதான் என் வேலை. எலியெல்லாம் போய்விட்டால் அங்கே வருகிறவர்கள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒரு காலத்தில் அந்தத் திட்டில் ஒரு பண்ணையார் குடும்பம் பயிர் செய்துவந்தது. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் எங்கள் தெரு ஆட்கள் அதைப் புறம்போக்கு என்று சொல்லிக் கொடி நட்டார்கள். ஒரு வருஷம் அவர்கள் விதைத்ததை நாங்கள் அறுத்தோம். மறு வருஷம் நாங்கள் விதைத்ததில் அவர்கள் மாட்டை விட்டார்கள். வழக்கு நடந்தது. ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. கடைசியில் திட்டு வனத்துறைக்குப் போயிற்று. தனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கும் இல்லையே என்று இரண்டு பக்கத்தாரும் திருப்திப்பட்டார்கள். பொறாமை எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

பழைய ஆற்றங்கரைக் காட்டைத் திட்டில் மறுபடி கொண்டுவர வேண்டும் என்றார் ரேஞ்சர். சுற்றிலும் தண்ணீர் ஓடுவதால் நாயும் நரியும் வராது. ஆனால் பயிர் இருந்த காலத்து எலிகள் அங்கேயே தங்கிவிட்டன. நட்ட கன்றின் வேரைக் கடித்தன, தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டையைத் தின்றன. அதனால் வயலில் கிட்டி வைத்துப் பழகிய என்னைக் கூப்பிட்டார்கள். கன்று நடுவதற்கு என் சகலையை, அதாவது என் மனைவியின் அக்கா வீட்டுக்காரரைச் சேர்த்தார்கள்.

மூங்கிலை வில்லாக வளைத்து வறுத்த நெல்லை உள்ளே வைத்துக் கட்டுவது கிட்டி. சாயங்காலம் வளை வளையாக வைத்துவிட்டு விடிந்ததும் எடுக்க வேண்டும். மூன்று கோடை அப்படிச் செய்தேன். நாலாவது கோடையில் ஒரு எலிகூட விழவில்லை. அன்றைக்கு என் மனசு நிறைந்திருந்தது. பரிசல்காரரோ வெறும் கிட்டிகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "என்னப்பா, ஒண்ணும் மாட்டலையா?"

அதற்குச் சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான்.

சகலை நட்ட நீர்மருதும் புங்கனும் இலுப்பையும் ஆள் உயரம் தாண்டின. வந்தவர்கள் எல்லாரும் மரத்தோடு அவரை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு படம் பேப்பரிலும் வந்தது. நன்னிலத்தில் மாமனார் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார். தீபாவளிக்கு வந்த விருந்தாளி ஒருவர் விசாரித்தபோது, "மூத்த மாப்பிள்ளை காடு வளக்கிறாரு" என்றார்.

"சின்னவரு?"

"அவரும் அங்கதான் இருக்காரு."

அன்று கறிக்குழம்பு எனக்கு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, "நீங்களும் ஒரு செடிய கிடிய நட்டாத்தான் என்னவாம்?" என்றாள்.

அடுத்த மாசியில் ஆலாக்கள் வந்தன. கருந்தலையும் மஞ்சள் அலகுமாக, ஆற்றுக்கு மேலே மிதந்து மீன் பிடிக்கும் பறவை அது. திட்டின் கீழ்க்கோடி மணலில் மூன்று இடத்தில் முட்டையிட்டன. பல வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை என்று ரேஞ்சர் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு சகலையின் தோளைத் தட்டினார்.

அந்த வாரமே வெயில் ஏறிவிட்டது. ஈரம் காயாமல் கன்றுகளின் தூரில் மூடாக்குப் போட, சகலை தன் களத்திலிருந்து வைக்கோல் கட்டுகளைப் பரிசலில் கொண்டுவந்தார். நானும் இறக்கினேன். மூன்றாவது கட்டைத் தோளில் வைத்தபோது அந்த வாடை அடித்தது. பிரித்துப் பார்த்தேன். உமியும் புதுப் புழுக்கையும் கிடந்தன. உள்ளே ஏதோ அசைந்தது.

"பரிசலைத் திருப்புங்க சகலை" என்று மட்டும் சொன்னால் போதும். சொல்லவில்லை. எலி வரட்டும், அப்போது தெரியும் யாரால் இந்தக் காடு நிற்கிறது என்று நினைத்தேன். நினைத்தபடியே கட்டைக் கொண்டுபோய் ஒரு நாவல் கன்றின் அடியில் இறக்கினேன்.

பத்து நாள்கூட ஆகவில்லை. மூன்று கூட்டிலும் ஓடுதான் கிடந்தது. ஆலாக்கள் கத்திக்கொண்டே தலைக்கு மேலே சுற்றின. எலித் தடத்தைப் பார்த்துவிட்டு ரேஞ்சர், "எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

சகலை முன்னால் வந்தார். "என் வைக்கோல்லதான் வந்திருக்கும் சார். தப்பு என்னோடது. சகலை மூணு வருசமா மண்டி போட்டு ஒழிச்சத நான் ஒரே நாள்ல கொண்டாந்து விட்டுட்டேன். இங்க மரம் நிக்கிறதே அவராலதான் சார்."

ரேஞ்சர் முதல்முறையாக என் முகத்தை நன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷம் எதற்குக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கூச்சத்தால்தான் பேசாமல் நிற்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தப்பு என்னோடது என்று அவருக்கு மட்டும் எப்படி அத்தனை சுலபமாக வருகிறது?

மறுபடியும் கிட்டி வைத்தேன். இரண்டு கோடை ஆயிற்று. ஆலாக்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை குஞ்சு பொரித்ததை நானே பார்த்தேன். ஒருநாள் காலையில் வெறும் கிட்டிகளோடு பரிசலில் ஏறியபோது பரிசல்காரர் வழக்கம்போலக் கேட்டார். "இன்னிக்கும் ஒண்ணும் மாட்டலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த சகலை சிரித்தார். "மாட்டாம இருந்தாத்தாங்க எங்க சகலை வேலை செஞ்சிருக்காருன்னு அர்த்தம்."

நான் பல வருஷமாக மனசுக்குள் வைத்திருந்த பதில் அது. அதையும் அவர்தான் சொன்னார்.